எழுதுமட்டுவாளுக்குக் கோச்சி வந்த திசை

வணக்கம் அண்ணா,

அம்மம்மாவின் ஊர் யாழ்ப்பாணக் குடாநாட்டின் எழுதுமட்டுவாள். அங்கே முதலில் கோச்சி, அதாவது ரயில், வடக்கே காங்கேசன்துறைப் பக்கத்தால்தான் வந்தது என்று அவ அடிக்கடி சொல்லுவா. கொழும்பில் இருந்துதானே பாதை போட்டிருப்பார்கள் என்று வீட்டில் எல்லாரும் சிரிப்போம். அவ சொல்வது சரியா? பிறகு ஸ்டேஷனை ஏன் மூடினார்கள், ஆட்கள் ஏறாமல் போனதாலா?

வாசகி, ரொறன்ரோ

வணக்கம் தங்கச்சி,

அம்மம்மா சொன்னது சரி, சிரித்தவர்கள் போய் அவவிடம் மன்னிப்புக் கேளுங்கள். காங்கேசன்துறையில் இருந்து சாவகச்சேரி வரை ரயில் ஓடத் தொடங்கியது 1902 மார்ச்சில். அதே ஆண்டு பாதை பளை வரை நீண்டது, எழுதுமட்டுவாள் அந்தத் துண்டில்தான் வருகிறது. கொழும்பு வண்டி வந்ததோ 1905 ஆகஸ்ட் 1ஆம் திகதி. அதுவரை குடாநாட்டுக் கோச்சி வெளியே எங்கும் போகாமல் தன்பாட்டில் ஓடிக்கொண்டிருந்தது. நம் ஆட்கள் ரயில் கதை தொடங்கினால் நேரே யாழ்தேவி கடுகதி ரயிலுக்குத் தாவிவிடுவார்கள், அது 1956இல் வந்த பிள்ளை.

மூடிய கதைக்கு முன், இப்படிச் சின்ன ஸ்டேஷன்களில் என்ன வேலை நடந்தது என்று சொல்கிறேன். பாதை ஒற்றைத் தடம், எதிரெதிராக இரண்டு வண்டி ஒரே துண்டுக்குள் மாட்டக்கூடாது. அதற்காக டப்லெட் என்று ஒரு தகடு இருந்தது. அதைத் தோல் பையில் போட்டுப் பெரிய வளையத்தில் மாட்டி எஞ்சினுக்குக் கொடுப்பார்கள், அது கையில் இல்லாமல் டிரைவர் அடுத்த துண்டுக்குள் போக முடியாது. டப்லெட் மாறுகிற ஸ்டேஷன் என்றால் நிற்காத வண்டிக்கும் கொடுத்தாக வேண்டும், ஆகவே நடுச்சாமத்தில் மெயில் வண்டி போகும்போதும் ஒருவர் விளக்கோடு வளையத்தை நீட்டிப் பிடித்து நிற்க, ஓடுகிற எஞ்சினில் இருந்து கையை உள்ளே விட்டு அதைக் கோத்துக்கொண்டு போவார்கள். ஒரு ஆளும் இறங்காத இரவிலும் அங்கே நித்திரை இல்லை.

ஆட்கள் ஏறாமல் மூடினார்களா என்றால், இல்லவே இல்லை. அரசாங்க உத்தியோகத்தர் வாறண்டோடு (அரசாங்கம் கொடுக்கும் ரயில் பயணச் சீட்டு) ஊருக்கு வந்து போனார்கள், தென்மராட்சியின் தேங்காயும் மாம்பழமும் பலாப்பழமும் தெற்கே போயின. எண்பதுகளில் சண்டையால் நின்று நின்று ஓடிய ரயில் 1990 ஜூனில் ஒரேயடியாக நின்றது. அப்புறம் தண்டவாளமும் சிலிப்பர் கட்டையும் பங்கர்களுக்குக் கூரையாகப் போய்விட்டன, இதில் இரண்டு தரப்புக்கும் பங்கு உண்டு. முகமாலைப் போர் முன்னரங்கு பக்கத்திலேயே இருந்ததால் மிதிவெடியும் சேர்ந்துகொண்டது. இந்தியக் கடனில் புதுப் பாதை போட்டு, பளைக்கு 2014 மார்ச்சிலும் யாழ்ப்பாணத்துக்கு அக்டோபர் 13ஆம் திகதியும் ரயில் வந்தது. ஆக, இப்போது எழுதுமட்டுவாள் வழியாக வண்டி ஓடுகிறது.

அம்மம்மாவிடம் ஒன்று கேட்டு எழுதுங்கள்: அவவின் காலத்தில் எந்தெந்த வண்டி அங்கே நின்றது, தேங்காயை எதில் ஏற்றினார்கள்? பழைய தடித்த மட்டை டிக்கெட் ஏதும் வீட்டில் கிடந்தால் படம் எடுத்து அனுப்புங்கள், இரண்டு பக்கமும்.