மன்னித்தாயிற்று, பந்திக்கும் போக வேண்டுமா?

சேலம் அஸ்தம்பட்டியில் பல வருஷமாக வேதபாட வகுப்பு எடுக்கிறேன். குடும்பப் பிணக்கு பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

கேள்வி (அம்மாபேட்டை): அப்பாவை அடக்கம் பண்ணிய மறுவாரமே அண்ணன் என்னிடம் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கிவிட்டார். ஒன்பது வருஷமாகப் பேச்சில்லை. இப்போது அவர் மகளுக்குக் கல்யாணம்; பத்திரிகை தபாலில் வந்திருக்கிறது. மன்னித்துவிட்டேன் என்றுதான் ஜெபிக்கிறேன், ஆனால் அவர் வீட்டுப் படியேற மனசு வரவில்லை. அப்படியென்றால் நான் மன்னிக்கவில்லையா ஐயா?

பதில்: நேரில் வந்து அழைக்க அவருக்குத் தைரியமில்லை, விட்டுவிடவும் மனமில்லை அம்மா. அண்ணன் ஏசாவுக்குரிய ஆசீர்வாதத்தை ஏமாற்றி வாங்கிக்கொண்டு ஓடிய யாக்கோபும் அப்படித்தான். 20 வருஷம் கழித்து ஊர் திரும்பும்போது ஏசா 400 பேரோடு எதிரே வருகிறான் என்று கேட்டதும், ஆடு மாடு ஒட்டகம் கழுதை என்று ஐந்நூறுக்கு மேல் மந்தை மந்தையாக முன்னே அனுப்பிவிட்டுப் பின்னால் நின்றான். ஏசா ஓடிவந்து கட்டிக்கொண்டு அழுதான். பிரசங்கம் வழக்கமாக இங்கே முடிந்துவிடும். ஆதியாகமம் 33ஐ மேலும் வாசியுங்கள். ஏசாவின் ஊரான சேயீருக்கு வருகிறேன், நீங்கள் முன்னே போங்கள் என்ற யாக்கோபு சுக்கோத்துக்குப் போய் வீடு கட்டிக்கொண்டான். வேதம் அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. ஆனால் தகப்பன் ஈசாக்கு இறந்தபோது அடக்கம் பண்ணியவர்கள் இருவருமே.

கோயிலில் பிள்ளையை ஆசீர்வதித்துவிட்டு, பந்தியில் உட்காராமல் பஸ் ஏறினாலும் மன்னிப்பு மன்னிப்புதான். பங்கு விஷயம் தனி. உயில் இல்லையென்றால், கிறிஸ்தவர்களான நமக்குப் பொருந்தும் 1925ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டத்தில் மகனுக்கும் மகளுக்கும் சம பங்கு. நீங்கள் எழுதிக் கொடுத்துவிட்டதால் வக்கீலிடம்தான் கேட்க வேண்டும், கேட்பது பாவமில்லை. செலொப்பியாத்தின் ஐந்து மகள்கள் மோசேயின் முன் நின்று தகப்பன் பங்கைக் கேட்டார்கள், கர்த்தரும் அது சரி என்றார்.

கேள்வி (சூரமங்கலம்): ஏழெழுபது தரம் மன்னி என்று இயேசு சொன்னாரே, அப்படியென்றால் 490 தடவையோடு முடிந்ததா?

பதில்: நோட்டுப் போட்டு எண்ணுகிறீர்களா? பழிக்குப் பழி எழுபத்தேழு மடங்கு என்று பீற்றிக்கொண்டான் காயீன் வம்சத்து லாமேக்கு. இயேசு சொன்னதை அதற்கு எதிர்க்கணக்காக வாசியுங்கள்.

கேள்வி (ஏற்காடு): அப்பா குடித்துவிட்டு அடிப்பார். அம்மாவை அழைத்துக்கொண்டு சேலத்துக்கு இறங்கிவிட்டேன். தகப்பனைக் கனம்பண்ணு, திரும்பிப் போ என்கிறார்கள்.

பதில்: போக வேண்டாம் தம்பி. லூக்கா 17:3இல் கடிந்துகொள்வது முதலில், "அவன் மனஸ்தாபப்பட்டால்" என்பது அப்புறம். யோசேப்பும் அவசரப்படவில்லை. தன்னை 20 வெள்ளிக்காசுக்கு விற்ற அண்ணன்மார் தம்பி பென்யமீனையும் அப்படி விட்டுவிடுவார்களா என்று, அவன் சாக்கில் வெள்ளிப் பாத்திரத்தை வைத்துப் பார்த்தான். அவனுக்குப் பதில் நான் அடிமையாக இருக்கிறேன் என்று யூதா சொன்ன பிறகுதான் தன்னை வெளிப்படுத்தினான். உங்கள் அப்பா குடியை நிறுத்தியதை நீங்களும் கண்ணால் பார்க்க வேண்டும். அதுவரை மருந்துக்குப் பணம், மலைக் குளிருக்கு ஒரு கம்பளி அனுப்புங்கள். கொர்பான், அதாவது கடவுளுக்குக் காணிக்கை, என்று சொல்லிப் பெற்றோருக்கு உதவாமல் விட்டதைத்தான் இயேசு கண்டித்தார். அடிவாங்குவதைக் கனம் என்று அவர் எங்கும் சொல்லவில்லை.

கேள்வி (செவ்வாய்ப்பேட்டை): மாமியாரும் நானும் ஒரே வீட்டில் இருந்தும் பேசுவதில்லை. தப்பு அவர்மேல்தான். திருவிருந்து எடுக்கலாமா?

பதில்: காணிக்கை செலுத்த வருகிறவரிடம் பேசும் மத்தேயு 5:23 உங்கள் மனக்குறையைக் கேட்கவில்லை, அவருக்கு உங்கள்மேல் உள்ள குறையைக் கேட்கிறது. அங்கேதான் நாம் எல்லாரும் மாட்டிக்கொள்கிறோம். ஞாயிறு காலை அவருடைய காபியை நீங்களே கொண்டுபோய் நீட்டுங்கள். வாங்காவிட்டால்? "உங்களாலானமட்டும்" சமாதானமாயிருங்கள் என்றுதான் பவுலும் எழுதினார். டம்ளரைப் பக்கத்தில் வைத்துவிட்டு ஆராதனைக்குப் புறப்படுங்கள்.