சொத்து ஆலோசனை: கீழே கடை, மேலே வீடு

கேள்வி: மதுரை அண்ணா நகரில் மெயின் ரோட்டை ஒட்டி 4 சென்ட் மனையில் கட்டடம் ஒன்று விலைக்கு வருகிறது. தரைத்தளத்தில் பேக்கரி, மருந்துக்கடை, செல்போன் கடை. முதல் மாடியில் டியூஷன் சென்டர், இரண்டாம் மாடியில் இரண்டு வீடுகள். விலை 2 கோடியே 40 லட்சம். மாதம் 1,20,000 ரூபாய் வாடகை வருவதாகப் புரோக்கர் சொல்கிறார். கையில் 1 கோடி இருக்கிறது. மீதிக்கு வங்கிக் கடன் போட்டு வாங்கலாமா?
– வாசகர், கே.கே. நகர்

பதில்: இந்த விலைக்கு, இவ்வளவு கடனோடு வேண்டாம்.

1,20,000 எப்படி வந்தது என்று கதவு வாரியாக எழுதிக் கேளுங்கள். நம் ஊரில் இப்படிப்பட்ட கட்டடங்களில் முதலில் தேட வேண்டியது ஒத்தி. மாத வாடகைக்குப் பதில் மொத்தமாக ஒரு தொகை வாங்கிக்கொண்டு, காலி செய்யும்போது திருப்பிக் கொடுக்கும் ஏற்பாடு அது. மாடி வீடுகளில் ஒன்று 6 லட்சத்துக்கு ஒத்தியில் இருந்தால் அதிலிருந்து வாடகை ஒரு ரூபாய்கூட வராது. புரோக்கர் கணக்கில் மட்டும் 15,000 ஏறியிருக்கும். ஒத்தி ஒப்பந்தத்தைப் பெரும்பாலும் பதிவு செய்யாமல் பத்திரத்தாளில் எழுதி வைத்துக்கொள்வதால், வில்லங்கச் சான்றில் தெரியாது. குடியிருப்பவரிடம் நேரில் போய்த்தான் கேட்க வேண்டும்.

கடைகளின் அட்வான்ஸும் அப்படித்தான். வாங்கியவர் பழைய உரிமையாளர். காலி செய்யும்போது திருப்பிக் கொடுக்கப்போவது நீங்கள். அட்வான்ஸ் எல்லாம் சேர்த்து 9 லட்சம் என்று வைத்தால், ஒத்தியோடு 15 லட்சம். அதை விலையில் கழித்துக்கொண்டு, கழித்த விவரத்தைக் கிரயப் பத்திரத்திலேயே எழுதுங்கள். விற்பனை ஒப்பந்தம் போடும் முன்பே, வாடகை எவ்வளவு, அட்வான்ஸ் எவ்வளவு, எந்தத் தேதியிலிருந்து, பாக்கி உண்டா என்று ஒவ்வொரு வாடகைதாரரிடமும் கடிதம் வாங்கி, அதில் உரிமையாளரையும் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். இதை விட்டால், பதிவு முடிந்த மறுவாரமே 1 லட்சம் அட்வான்ஸ் 3 லட்சமாகிவிடும். வாடகை வங்கியில் வரவாகியிருக்கிறதா என்று 12 மாதக் கணக்கையும் பாருங்கள். விற்பதற்கு முன் உறவினர் ஒருவரைக் கடையில் உட்கார வைத்து வாடகையை ஏற்றிக் காட்டுவதும் உண்டு.

இப்போது கணக்கு. ஒத்தி வீட்டை நீக்கினால் வாடகை 1,05,000; வருடத்துக்கு 12,60,000. ஒரு மாத வாடகை காலியாகக் கிடக்கும் நாட்களுக்கு, சொத்து வரிக்கு 45,000, மோட்டார், பெயின்ட், கழிவுநீர், இன்ஷூரன்ஸ் என்று 1,20,000 ஒதுக்கினால் நிற்பது 9,90,000. முத்திரைத் தீர்வை 7%, பதிவுக் கட்டணம் 2% சேர்த்து 21,60,000 ஆகும். உங்கள் அடக்கம் 2 கோடியே 61 லட்சத்து 60,000. கிடைப்பது 3.8% கூட இல்லை.

15 லட்சத்தைக் கழித்தாலும் நீங்கள் கடன் வாங்க வேண்டியது சுமார் 1 கோடியே 47 லட்சம். 9.5% வட்டியில் 15 வருடத்துக்கு மாதத் தவணை ஏறக்குறைய 1,53,500. கட்டடம் தருவது 82,500. மாதாமாதம் 71,000 உங்கள் சம்பளத்திலிருந்து போகும். பேக்கரி காலி செய்துவிட்டால் இன்னும் கூடும். மண் விலை ஏறும் என்று மட்டும் நம்பி இதைச் சுமக்கக் கூடாது. 1 கோடியே 80 லட்சத்துக்கு இறங்கினால் பேசலாம். நிகர வருமானம் 5% வரும்.

விலை படிந்தாலும் இரண்டு விஷயங்களைப் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள். முதலாவது வரைபட அனுமதி. வீட்டுக்கு அனுமதி வாங்கிக் கடை கட்டியிருப்பதும், ஒரு மாடிக்கு வாங்கி இரண்டு மாடி எழுப்பியிருப்பதும் சகஜம். மாநகராட்சி வரி ரசீதைக் காட்டி, ‘வரி போட்டிருக்கிறார்களே’ என்பார்கள். வரி ரசீது அனுமதி ஆகாது. விதிமீறிய பகுதியைப் பூட்டி சீல் வைக்கச் சட்டத்தில் இடமுண்டு. மனை வீட்டு வசதி வாரியம் ஒதுக்கியதென்றால், வாரியம் எழுதிக் கொடுத்த கிரயப் பத்திரம் தாய்ப்பத்திரமாக, அதாவது சொத்தின் மூலப் பத்திரமாக, இருக்க வேண்டும். ஒதுக்கீட்டு ஆணையையும் பவர் பத்திரத்தையும் வைத்தே கைமாறி வந்திருந்தால் ஒதுங்கிவிடுங்கள்.

இரண்டாவது, கட்டடத்தின் உறுதி. பழைய வீட்டின் முன்சுவரை இடித்து ஷட்டர் வைத்திருந்தால், ஷட்டருக்கு மேல் மூலையிலிருந்து சாய்வாக விரிசல் ஓடுகிறதா என்று பாருங்கள். மேல்தளச் சுமையைத் தாங்கிய சுவரை எடுத்துவிட்டு, போதுமான பீம் கொடுக்காததன் அடையாளம் அது. மாடிக் கழிப்பறைக்கு நேர்கீழே உள்ள கடையின் ஃபால்ஸ் சீலிங்கில் ஒரு பலகையைக் கழற்றச் சொல்லுங்கள். ஈரக்கறை, உப்புப் பூத்த சிமென்ட், தட்டினால் டொப்பென்ற வெற்றுச் சத்தம் இருந்தால் உள்ளே கம்பி துருப்பிடித்திருக்க வாய்ப்பு அதிகம். புதுப் பெயின்ட் அடித்த இடத்தில் அதிக நேரம் நில்லுங்கள்.

மின் இணைப்பு கதவுக்கு ஒன்றாக இருக்கிறதா, பாக்கி உண்டா என்பதையும் பார்த்துவிடுங்கள். பழைய பாக்கியை மின்வாரியம் புது உரிமையாளரிடம்தான் கேட்கும்.

கேள்வி: மாசி வீதிப் பக்கம் பழைய வீட்டை வாங்கி, இடித்து, கீழே கடையும் மேலே மூன்று தளங்களும் கட்ட நினைக்கிறேன். சரிவருமா?
– வாசகி, சிம்மக்கல்

பதில்: கடைக்கு மேலே மூன்று தளம் வராது. மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றி 1 கிலோமீட்டருக்குள் கட்டட உயரம் 9 மீட்டரைத் தாண்டக் கூடாது. தளத்துக்கு 3 மீட்டர் என்றாலும் தரையோடு சேர்த்து மூன்று தளம்தான்; கடையின் உயரத்தைக் கூட்டினால் அதுவும் இடிக்கும். மேல்தள வாடகையை நம்பி விலை பேசாதீர்கள்.

இன்னொன்று, அடிமனை. பழைய ஊருக்குள் கட்டடம் ஒருவருடையதாகவும் மண் கோயிலுடையதாகவும் இருப்பது உண்டு. அப்படியென்றால் அறநிலையத் துறை அனுமதியில்லாமல் மண்ணைப் பதிவு செய்ய முடியாது. நகர நில அளவைப் பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறது என்று பார்த்த பிறகு மற்றதைப் பேசுங்கள்.

கேள்வி: மருந்துக்கடைக்கு விட்டிருக்கிறேன். வாடகைக்கு ஜி.எஸ்.டி. உண்டா?
– வாசகர், திருமங்கலம்

பதில்: உங்கள் சேவை வருமானம் வருடத்துக்கு 20 லட்சத்தைத் தாண்டாவிட்டால் நீங்கள் பதிவு செய்ய வேண்டியதில்லை. ஆனால் கடைக்காரர் ஜி.எஸ்.டி. பதிவு உள்ளவர் என்றால், 2024 அக்டோபர் 10 முதல் வாடகைக்கான 18% வரியை அவரே கட்ட வேண்டும். காம்போசிஷன் திட்டத்தில் (விற்பனைத் தொகையில் சிறு சதவீதத்தை வரியாகக் கட்டும் சிறு வணிகர் திட்டம்) இருப்பவருக்கு இது இல்லை. இந்த 18% வரியைக் காட்டி வாடகையைக் குறைக்கக் கேட்டால் ஒத்துக்கொள்ளாதீர்கள். கட்டிய வரியை அவர் தன் விற்பனை வரியில் கழித்துக்கொள்ளலாம்.