மலைச்சரிவில் பார் எந்தத் திசையில் இருக்க வேண்டும்?

கேள்வி: மலைச்சரிவில் உருளைக்கிழங்கு பயிரிடுகிறேன். நீர் தேங்கிக் கிழங்கு அழுகாமலிருக்க மேலிருந்து கீழாகப் பார் (கிழங்கு நட மண்ணைக் கூட்டி எழுப்பும் நீள மேடு) பிடிப்பது எங்கள் வழக்கம். சில ஆண்டுகளாகத் திடீரெனக் கொட்டும் மழையில் மண் கரைந்து ஓடுகிறது. உரத்தைக் கூட்டியும் விளைச்சல் குறைகிறது. அடியில் கல்வரப்பு கட்டினால் போதுமா?

பதில்: போதாது. கல்வரப்பு கீழே வந்து சேரும் மண்ணைப் பிடித்து வைக்குமே தவிர, மேலே மண் பெயர்வதைத் தடுக்காது. காற்றின் வெப்பம் 1 டிகிரி செல்சியஸ் உயர்ந்தால் அது தாங்கும் நீராவி ஏறத்தாழ 7 சதவீதம் கூடும் என்பதால், முன்பு நாள் முழுதும் பெய்த மழை இப்போது சிறிது நேரத்தில் கொட்டிவிடக்கூடும்; அப்போது பார்களுக்கிடையே சரிவின் போக்கிலேயே இறங்கும் உங்கள் சால்கள் ஓடைகளாகிவிடுகின்றன. ஒரு எக்டேரில் 1 மி.மீ. மண் போனாலே சுமார் 12 டன் இழப்பு. அதிலும் நுண்துகளும் மட்கும்தான் முதலில் போகும் என்பதால், உரம் அதை ஈடுகட்டாது.

அழுகல் பற்றிய உங்கள் அச்சம் நியாயமானதே. ஆகவே பார்களைச் சரிவுக்குக் குறுக்கே திருப்பும்போது முழுச் சமமட்டமாக வைக்காமல், 100 அடிக்கு 1 அடி வீதம் பக்கவாட்டு வடிகாலை நோக்கித் தாழவிடுங்கள். இரு கால்களுக்கிடையே 2 மீட்டர் அகலமுள்ள ஏ வடிவ மரச்சட்டத்தில் கல் கட்டிய நூலைத் தொங்கவிட்டு, வடிகால் பக்கக் காலின் கீழ் 2 செ.மீ. கட்டை பொருத்தி, நூல் குறுக்குச் சட்டத்தின் நடுவில் நிற்கும்படி காலூன்றிச் சென்றால் இந்த வாட்டத்தை நீங்களே குறித்துவிடலாம். ஆனால் வடிகாலை முதலில் அமைத்து, அதில் புல் வேரூன்றிய பிறகே பார்களைத் திருப்ப வேண்டும். போக்கிடமில்லாத நீர் ஒரு பாரை உடைத்தால், அதன் கீழுள்ள பார்களும் வரிசையாக உடைந்து, பழைய முறையைவிடப் பெரிய சேதம் நேரும்.

சரிவு செங்குத்தாக இருந்தால் பார் மட்டும் தாங்காது. 1 முதல் 2 மீட்டர் உயர வேறுபாட்டுக்கு ஒரு வரிசையாக வெட்டிவேரை நெருக்கமாக நடுங்கள். உறைபனி கடுமையான இடமாயின், அங்கே தானாக வளரும் தூர்கட்டும் புல்லே மேல். மண் ஆழமில்லாத சரிவிலும், வெடிப்பு கண்ட சரிவிலும் நீர் தேக்கும் குழிகள் வெட்டாதீர்கள். நனைந்து கனத்த மண் மொத்தமாகச் சரியும். கிழங்கு தோண்டியதும் நிலத்தை வெறுமையாக விடாமல் இலைதழைகளைப் பரப்பி மூடாக்கு இடுங்கள்.

திருப்பிய பின் வரும் முதல் கனமழை ஓய்ந்ததும் மண்வெட்டியோடு வயலைச் சுற்றி வந்து, நீர் பாரைத் தாண்டிய இடங்களை அன்றே உயர்த்திவிடுங்கள்.