முதலில் விழக் கற்றுக்கொள்ளுங்கள்

கேள்வி: எனக்கு நாற்பது வயது கடந்துவிட்டது. ரோலர் ஸ்கேட்டிங் கற்றுக்கொள்ள ஆசை. கை கால் முறிந்துவிடும் என்று வீட்டில் பயமுறுத்துகிறார்கள். இந்த வயதில் தொடங்கலாமா? எந்த வகை ஸ்கேட்டை வாங்குவது?

பதில்: தாராளமாகத் தொடங்கலாம்; எலும்புத் தேய்மானமோ மூட்டுவலியோ இருந்தால் மட்டும் முதலில் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். வீட்டாரின் பயத்திலும் நியாயம் உண்டு. நிலை தடுமாறியதும் கை தன்னையறியாமல் தரையில் ஊன்றிவிடுவதால், உடலின் எடை முழுவதும் மணிக்கட்டின் மேல் இறங்குகிறது. இந்த விளையாட்டில் மிகுதியாக அடிபடும் இடங்களில் அது முதன்மையானது. ஆகவே தலைக்கவசம், முழங்கால், முழங்கைக் காப்புகளோடு மணிக்கட்டுக் காப்பையும் கட்டாயம் அணியுங்கள். பலர் இந்தக் கடைசிக் காப்பைத்தான் வேண்டாமென்று விட்டுவிடுகிறார்கள் என்பது எனக்குப் பெரிய வருத்தம்.

சக்கரங்களில் ஏறுவதற்கு முன், காப்புகளை மட்டும் அணிந்துகொண்டு புல்தரையில் விழுந்து பழகுங்கள். முழங்காலை மடக்கி உடலைத் தாழ்த்தி, முதலில் முழங்கால் காப்பும், பிறகு முழங்கைக் காப்பும், கடைசியாக விரல்களை மேலே தூக்கியபடி மணிக்கட்டுக் காப்பின் உள்ளங்கைப் பகுதியும் தரையைத் தொடுமாறு முன்பக்கமாக விழ வேண்டும். ஸ்கேட் அணிந்த பிறகும் முழங்கால் மடங்கியே இருக்கட்டும். கணுக்காலுக்கு மேலே காலின் முன்பகுதி ஸ்கேட் காலணியின் நாக்கை அழுத்துவதை நீங்கள் உணர்ந்தால் நிற்கும் நிலை சரி. அந்த அழுத்தம் விட்டுப்போனால் எடை குதிகாலுக்குப் போய்விட்டது என்று பொருள். கீழே குனிந்து பாதத்தைப் பார்க்காமல் போகும் திசையைப் பாருங்கள்.

அடுத்து, வேகம் பிடிக்கும் முன்பே நிற்கக் கற்க வேண்டும். சக்கரங்கள் ஒரே வரிசையில் அமைந்த இன்லைன் ஸ்கேட்டில் பிரேக் பெரும்பாலும் வலது குதிகாலுக்குப் பின்னால் இருக்கும். அந்தக் காலை முன்னே நீட்டி, நாற்காலியில் உட்காருவதுபோல் உடலைத் தாழ்த்தி, பாதத்தின் நுனியைத் தூக்கினால் ரப்பர் தரையில் உராய்ந்து வேகம் குறையும். இது கைவரும்வரை சரிவான பாதைப் பக்கமே போகாதீர்கள்.

எந்த வகை என்பது நீங்கள் ஓட்டப்போகும் தரையைப் பொறுத்தது. முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு என்று சக்கரங்கள் அமைந்த குவாட், வழவழப்பான உள்ளரங்கத் தரைக்கும் நடனத்துக்கும் ஏற்றது. 1863-இல் அமெரிக்கரான ஜேம்ஸ் பிளிம்டன், உடலைச் சாய்த்தாலே ஸ்கேட் வளைந்து திரும்பும்படி இதை வடிவமைத்தார். அச்சின் மேல் பொருத்திய ரப்பர் மெத்தை அமுங்குவதால் சக்கரங்கள் சாய்ந்த பக்கமாகத் திரும்பின. திறந்தவெளியில் நெடுந்தூரம் போக விரும்புகிறவருக்கு இன்லைனையே பரிந்துரைப்பேன்.

கேள்வி: பொழுதுபோக்காகக் கற்கும் என் மகளுக்கு இதில் போட்டி வாய்ப்புகள் உண்டா?

பதில்: நிறைய உண்டு. வேகப் போட்டி, கலைநயச் சறுக்கல், ஹாக்கி, வட்டப் பாதையில் இரு அணிகள் மோதும் டெர்பி எனப் பல பிரிவுகள் இருக்கின்றன. வேகப் போட்டியிலேயே 200 மீட்டர் குறும்பந்தயம்முதல் 42 கிலோமீட்டர் மாரத்தான்வரை உண்டு. ரோலர் ஹாக்கி 1992-இல் பார்சிலோனா ஒலிம்பிக்கில் காட்சிப் போட்டியாக இடம்பெற்றது. இதில் பெறும் பயிற்சி பனிக்கட்டித் தளத்தில் சறுக்கும் ஐஸ் ஸ்கேட்டிங்குக்கும் கைகொடுக்கிறது. இன்லைனில் வளர்ந்த அமெரிக்க வீராங்கனை எரின் ஜாக்சன், 2022 பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்கில் 500 மீட்டர் பனிவேகச் சறுக்கலில் தங்கம் வென்றார். ஆனால் மகளுக்குச் சறுக்குவதில் மகிழ்ச்சி இருக்கும்வரை போட்டிக்கு அவசரப்படுத்தாதீர்கள், அவளே கேட்கட்டும்.

கேள்வி: சக்கரங்கள் ஒரு பக்கமாகத் தேய்கின்றன. மாற்றிவிட வேண்டுமா?

பதில்: உடனே வேண்டாம். உந்தும்போது உட்பக்க விளிம்பே தரையை அழுத்துவதால் அப்பக்கம் விரைவில் தேய்வது இயல்பு. தேய்ந்த பக்கம் வெளிப்புறம் வரும்படி சக்கரங்களைத் திருப்பி, ஒரு காலின் சக்கரங்களை மறு காலுக்கு மாற்றி மாட்டுங்கள். அப்படிக் கழற்றும்போதே சக்கரங்களுக்குள் இருக்கும் பேரிங்குகளையும் துடைத்துவிடுங்கள். ஈரத்தில் ஓட்டியிருந்தால் நன்றாக உலர்த்திச் சில துளி எண்ணெய் விட்ட பிறகே மீண்டும் பொருத்துங்கள்.