குழலைத் துடைக்கப் போய்த் தேய்த்துவிடாதீர்கள்

கேள்வி: என் மகன் துப்பாக்கி சுடும் கழகம் ஒன்றில் சேர்ந்து .22 ரைபிளில் பயிற்சி எடுக்கிறான். துடைக்கிற செட் ஒன்று வேண்டும் என்கிறான். கண்டியில் ஒரு கடையில், மூன்று துண்டாகக் கழற்றிப் பூட்டும் அலுமினியக் கம்பி, நாலைந்து பிரஷ், ஒரு போத்தல் எண்ணெய் எல்லாம் ஒரே பெட்டியில் போட்டு விற்கிறார்கள். வாங்கலாமா? கழகத்தில் ஒருவர் தினமும் பிரஷ் போடச் சொல்கிறார். என் மாமனாரோ, கொதிதண்ணீர் ஊற்றி மண்ணெண்ணெய் விட்டால் போதும் என்கிறார். யார் பேச்சைக் கேட்பது?
– வாசகி, பண்டாரவளை

பதில்: அந்தப் பெட்டியைக் கடையிலேயே விட்டுவிட்டு வாருங்கள். மகனுக்குத் தேவையான நாலைந்து சாமான்களைத் தனித்தனியாக வாங்கலாம்.

குழலைப் பின்பக்கமிருந்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தால், உள்ளே மெல்லிய வரிகள் முறுக்கிக்கொண்டு ஓடுவது தெரியும். ரவையைச் சுழற்றி நேராக அனுப்புவது அந்தப் புரிதான். .22 ரவை மெழுகோ கொழுப்போ பூசிய ஈயம். உருக்குக் குழலை அது தேய்த்து முடிக்க எத்தனையோ ஆயிரம் தடவை சுட வேண்டும். கம்பிக்கு அவ்வளவு காலம் தேவையில்லை. துண்டுகளைப் பூட்டும் இடத்தில் ஒரு சின்ன விளிம்பு நிற்கும். நகத்தால் தடவினால் தட்டுப்படும். தள்ளும்போது கம்பி நடுவில் வளைந்து, அந்த விளிம்பு புரியை உரசும். அலுமினியம் மென்மையான உலோகம் என்பதால் பயமில்லை என்று கடைக்காரர் சொல்வார். மென்மையாக இருப்பதுதான் வில்லங்கமே. மண்ணும் கரியும் அதில் பதிந்து ஒட்டிக்கொள்ளும், அப்புறம் அது கம்பியில்லை, அரம்.

இதைவிடப் பெரிய சேதம் குழலின் வாயில். ரவை கடைசியாகத் தொட்டு விலகும் இடம் அது. அந்த விளிம்பு ஒரு பக்கம் தேய்ந்தால், பின்னால் வரும் வாயு ஒரு பக்கமாகப் பீறி ரவையைத் தள்ளிவிடும். எவ்வளவு நல்ல கையாக இருந்தாலும் குறி சிதறும். அதனால் போல்டை, அதாவது குழலைப் பின்பக்கம் மூடும் உருளையை, கழற்ற முடிகிற ரைபிள் என்றால், கம்பியைப் பின்பக்கமிருந்துதான் விட வேண்டும். முன்னாலிருந்து மட்டுமே விடக்கூடிய வகை என்றால் கம்பியே வேண்டாம், கயிறு போட்டு பின்னாலிருந்து வாய்ப் பக்கம் இழுக்கும் வகையை வாங்குங்கள்.

வாங்க வேண்டியவை: .22க்கென்றே செய்த, ஒரே துண்டான உருக்குக் கம்பி, அல்லது மேலே பிளாஸ்டிக் பூசியது. கைப்பிடி தானாகச் சுழல வேண்டும், அப்போதுதான் துணி புரியோடு சேர்ந்து திரும்பும். கம்பி நடுவில் ஓட, பின்பக்கம் செருகும் ஒரு குழாய் வழிகாட்டி. துணியைக் குத்தித் தள்ளும் பித்தளை முனை ஒன்று. வெண்கல பிரஷ் ஒன்று. குழலுக்குள் படியும் கரியைக் கரைக்கும் துவக்குக் கரைப்பான் ஒரு சின்னப் போத்தல். எண்ணெய்க்கு நல்ல தையல் மெஷின் எண்ணெயே போதும். துணிக்குக் காசு கொடுக்காதீர்கள், பழைய பனியனைத் துவைத்துக் காயவைத்து வெட்டினால் அதைவிட நல்லது கிடையாது. கையில் காசு குறைவென்றால் பிரஷைத் தள்ளிப்போடுங்கள், கம்பியில் மட்டும் மிச்சம் பிடிக்க வேண்டாம்.

பிரஷ் வாங்கப் போகும்போது குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டும் காந்தம் ஒன்றைக் கையில் கொண்டுபோங்கள். உருக்கு மயிருக்கு மஞ்சள் முலாம் பூசி வெண்கலம் என்று விற்பதுண்டு. மயிரில் காந்தம் ஒட்டினால் அது குழலுக்குள் போகக் கூடாது. நடுத்தண்டு ஒட்டினால் பரவாயில்லை, பலவற்றில் அது உருக்குத்தான்.

தினமும் பிரஷ் போடுவது வீண் வேலை. .22 ரைபிளை நன்றாகத் துடைத்துவிட்டுச் சுட்டால் முதல் சில ரவைகள் அங்குமிங்கும் போகும். உள்ளே மறுபடி மெழுகு படிந்த பிறகுதான் குறி கூடும். ஆகவே பயிற்சி முடிந்ததும் கரைப்பானில் நனைத்த துணி ஒன்று, காய்ந்த துணி இரண்டு, கடைசியாக ஒரு சொட்டு எண்ணெய் தடவிய துணி ஒன்று விட்டால் சரி. வரண்ட ஊர்க்காரர்கள் அந்தக் கடைசித் துணியைப் போடுவதில்லை. மாலை நாலு மணிக்கே மூடுபனி ஜன்னலுக்குள் வரும் உங்கள் பக்கத்தில் அதைத் தவிர்க்கக் கூடாது. சுடப் போகுமுன் காய்ந்த துணி ஒன்றை விட்டு எண்ணெயை எடுக்க வேண்டும். பிரஷ், குறி சிதற ஆரம்பித்தால் மட்டும். போட்டால் முழுதாக வெளியே வரும்வரை தள்ளுங்கள், குழலுக்கு நடுவில் திருப்பி இழுத்தால் மயிர் மடங்கிச் சிக்கும். இதெல்லாம் ரவை உள்ளே இல்லை என்று கண்ணாலும் விரலாலும் பார்த்த பிறகு, ரவைப் பெட்டி வேறு அறையில் இருக்கும்போது.

உங்கள் மாமனார் சொன்னதைச் சிரித்து ஒதுக்க வேண்டாம். என் தாத்தா ஒரு துரை பங்களாவில் அப்புவாக, அதாவது சமையல்காரராக, இருந்தவர். இலங்கையில் தோட்டத் துரைமாருக்கென்றே ஒரு ரைபிள் படை இருந்தது. 1900இல் தொடங்கி 1949இல் கலைத்தார்கள். அந்தத் துரையும் அதில் இருந்தவர். அவருடைய .303 ரைபிளின் கட்டைக்குள் வைக்கும் விரல் நீளப் பித்தளை எண்ணெய்க் குப்பி இன்னும் எங்கள் வீட்டு அலுமாரியில் கிடக்கிறது. மூடியைத் திருகினால் உள்ளே ஒரு சின்னக் கரண்டி. சுட்டு வந்ததும் கேத்தலில் கொதிக்கும் தண்ணீரைக் குழலுக்குள் ஊற்றுவது தாத்தாவின் வேலை. அதில் காரணம் இருந்தது. அந்தக் காலத்து ரவைகளின் அடியில் தீப்பொறி கொடுக்கும் மருந்து வெடித்ததும் உள்ளே ஒருவகை உப்பு மிஞ்சும். உப்பு ஈரத்தை இழுக்கும், துரு பிடிக்கும். எண்ணெயில் அது கரையாது, தண்ணீரில் கரையும். இன்றைய .22 ரவைகளில் அந்த உப்பு இல்லாததால் கேத்தலுக்கு வேலையில்லை. மண்ணெண்ணெய் அழுக்கைக் கரைக்கும், ஆனால் பாதுகாக்காது. அவசரத்துக்கு விட்டால் துடைத்துவிட்டு எண்ணெய் போட வேண்டும்.

கேள்வி: காட்டுப்பன்றித் தொல்லைக்காக அனுமதிப்பத்திரத்தோடு வைத்திருக்கும் 12 போர் துவக்கு. தோலுறையில் போட்டு, அடுப்படிக்கு மேலே சூடான இடத்தில்தான் வைத்தேன். ஆனாலும் குழலுக்குள் செம்புள்ளி. கராஜில் சாண்ட்பேப்பர் போட்டுப் பளபளப்பாக்கித் தருகிறேன் என்கிறார்கள்.
– உருளைக்கிழங்கு விவசாயி, வெலிமடை

பதில்: கராஜுக்குக் கொடுக்கவே வேண்டாம். இதில் புரி கிடையாது என்றாலும், வாய்ப் பக்கம் குழல் கொஞ்சம் ஒடுங்கியிருக்கும். சன்னம், அதாவது தோட்டாவிலிருந்து சிதறும் சிறு குண்டுகள், பரவுவதைக் கட்டுப்படுத்துவது அந்த ஒடுக்கம். சாண்ட்பேப்பர் அதைக் கெடுக்கும், குழலின் சுவரையும் மெலிதாக்கும். மேலோட்டமான துரு என்றால் எண்ணெய் விட்டு ஒரு இரவு ஊறவைத்து, 12 போர் வெண்கல பிரஷால் தேய்த்தால் போய்விடும். விரலுக்குக் குழி தட்டுப்பட்டால் அனுமதி பெற்ற துவக்குத் திருத்துநரிடம் காட்டாமல் சுடாதீர்கள். கராஜில் கிடைக்கும் கழிவு என்ஜின் எண்ணெயும் கூடாது, அதில் அமிலமும் உலோகத் தூளும் இருக்கும்.

அடுப்படிதான் உங்கள் துருவுக்குக் காரணம். சோறு வேகும் ஆவி குளிர்ந்த இரும்பில் பட்டால் வியர்க்கும், தோலுறை அந்த ஈரத்தைக் குடித்து வைத்துக்கொள்ளும். உறை கொண்டுபோவதற்கு மட்டும். வீட்டில் எண்ணெய் தடவி, உறையில்லாமல், காற்றோட்டமான அலுமாரியில் பூட்டி வையுங்கள். எடுக்கும் ஒவ்வொரு முறையும், தோட்டா போடுமுன் குழலைத் திறந்து வெளிச்சம் தெரிகிறதா என்று பாருங்கள். குளவி கூடு கட்டிய மண்ணோ மறந்துபோன துணியோ உள்ளே இருந்தால், சுட்டதும் குழல் வெடிக்கும்.

கேள்வி: வெண்கலம் என்று அட்டையில் போட்ட பிரஷ். வீட்டில் பார்த்தால் மயிரெல்லாம் காந்தத்தில் ஒட்டுகிறது. விற்றதை எடுக்க மாட்டோம் என்கிறார் கடைக்காரர்.
– ஹட்டன்

பதில்: பற்றுச்சீட்டு இருக்கிறதா? கேட்டால் கடைக்காரர் கொடுத்தே ஆக வேண்டும். உங்களுக்கு மனம் மாறியதால் திருப்பிக் கொடுப்பது வேறு, அட்டையில் ஒன்று போட்டு உள்ளே வேறொன்று வைத்து விற்பது வேறு. அட்டை, பிரஷ், பற்றுச்சீட்டு மூன்றையும் ஒன்றாக வைத்துப் படம் எடுங்கள். இன்னொரு தடவை கடைக்குப் போய், அவர் முன்னாலேயே காந்தத்தை ஒட்டிக் காட்டுங்கள். அதற்கும் மசியாவிட்டால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 எண்ணுக்கு அழையுங்கள். அதுவரை அந்த பிரஷ் சைக்கிள் சங்கிலி துடைக்க உதவும் என்று சொல்லலாம்தான், ஆனால் பாவித்துவிட்டால் திருப்பிக் கொடுக்க முடியாது.