தொட்டிச் செடி வைத்தும் கொசு போகவில்லையே, ஏன்?

கேள்வி: பால்கனியில் துளசி, புதினா, எலுமிச்சைப் புல், கூடவே ‘கொசு விரட்டிச் செடி’ என்று சொல்லி விற்ற ஒன்றையும் வைத்திருக்கிறேன். கொசு குறையவே இல்லை. செடியில் குறையா, வைத்த இடத்தில் குறையா?

பதில்: இரண்டிலும் இல்லை. கொசுவை விலக்குவது இலையிலுள்ள நறுமண எண்ணெய். இலை கசங்காதவரை அதில் மிகக் கொஞ்சம்தான் வெளியே வரும். வருவதையும் திறந்த பால்கனியில் காற்று அடித்துக்கொண்டு போய்விடும். நீங்கள் வாங்கிய ‘கொசு விரட்டி’ பெரும்பாலும் எலுமிச்சை மணமுள்ள ஜெரேனியமாக இருக்கும். சோதித்துப் பார்த்தபோது கொசுக்கள் அதன் இலைமேலேயே உட்கார்ந்து இளைப்பாறின. அழகுக்கு வைத்துக்கொள்ளலாம்.

மற்றவற்றைக் கையால் வேலை வாங்க வேண்டும். மாலையில் உட்காரும்போது எலுமிச்சைப் புல்லின் நாலைந்து தாள்களை முறுக்கிக் கசக்கிப் பக்கத்தில் வையுங்கள். மணம் சீக்கிரமே இறங்கிவிடும், மறுபடி கசக்க வேண்டும். இலையில் எண்ணெய் ஊற நல்ல வெயில் தேவை. நிழலில் வளர்ந்த எலுமிச்சைப் புல் நீண்டு வெளுத்து, மணமும் குறைந்திருக்கும். துளசியில் பூங்கதிர் வந்ததும் கிள்ளிவிட்டால் புதுத் தளிர் வரும்.

இதைவிட முக்கியம் தொட்டிக்கு அடியிலுள்ள தட்டு. அதில் தேங்கும் நீரில் முட்டை கொசுவாக ஏழு முதல் பத்து நாள் போதும். விரட்ட வைத்த செடியே கொசு வளர்க்கிறது! வாரம் ஒருமுறை தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது, தட்டைத் தேய்த்தும் கழுவுங்கள். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவின் முட்டை விளிம்பில் ஒட்டிக்கொண்டு, காய்ந்த நிலையிலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். தட்டில் மணல் நிரப்பிவிட்டால் இந்தத் தொல்லை குறையும்.

செண்டுமல்லியையும் பலர் கொசுவுக்காக வைக்கிறார்கள். அதன் பலம் வேரில்தான்: தக்காளி போன்ற செடிகளின் வேரில் முடிச்சு உண்டாக்கும், மண்ணிலுள்ள நுண்ணிய நூற்புழுவைக் கட்டுப்படுத்தும். அதற்கும் தக்காளிக்கு நடுவே ஒன்றிரண்டு நட்டால் போதாது. அந்தப் பாத்தி முழுக்க இரண்டு மாதம் செண்டுமல்லியை வளர்த்துவிட்டு, பிறகு தக்காளி நட வேண்டும்.

இலை மணம் நன்றாக உதவுவது மூடிய தானிய டப்பாவில், வண்டு வராமல் தடுக்க. வேப்பிலையையோ நொச்சி இலையையோ நிழலில் நொறுங்கும் அளவு உலர்த்திப் போடுங்கள். ஈரம் இருந்தால் வண்டுக்குப் பதில் பூஞ்சை வரும்.

டெங்கு பரவும் காலத்தில் செடியை நம்பி இருக்காதீர்கள். வலையும், டீட் அல்லது பிகாரிடின் என்ற கொசு விரட்டி மருந்து கலந்த, தோலில் தடவும் பூச்சும் வேண்டும். உட்காரும் இடத்தில் ஒரு மின்விசிறி ஓடினாலே, பறப்பதில் வலுவில்லாத கொசு கிட்டே வரத் திணறும்.