சொரியாசிஸ் மூட்டுவாதம்: குமரி எல்லைப் பக்கத்துக் கேள்விகளும் பதில்களும்

சொரியாசிஸ் என்ற செதில் படை நோய் உள்ளவர்களுக்கு வரும் மூட்டு அழற்சிதான் சொரியாசிஸ் மூட்டுவாதம். அதைப் பற்றி குலசேகரம், மார்த்தாண்டம், களியக்காவிளை, பாறசாலை பக்கத்திலிருந்து வந்த கேள்விகள் இவை. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்திருக்கிறோம்.

கேள்வி (குலசேகரம், ரப்பர் பால்வெட்டுத் தொழிலாளி): சாரே, விடியுமுன்ன கத்தியப் பிடிச்சா விரல் மடங்கல்ல. ஒரு கால்விரல் மட்டும் ஒரு மாசமா வீங்கிக் கெடக்கு. யூரிக் ஆசிட் 7.8 உண்டு, கவுட்டுன்னு மாத்திரை தந்தாவ. தலையில செதில் ரொம்ப வருஷமா உண்டு. இது கவுட்தானா?

பதில்: யூரிக் ஆசிட் அளவை மட்டும் வைத்து கவுட் (யூரிக் ஆசிட் மூட்டில் படிந்து வரும் வீக்கம்) என்று முடிவுகட்ட முடியாது. சொரியாசிஸ் உள்ளவர்களில் பலருக்கும் அது கூடியே இருக்கும். கவுட் ராத்திரியோடு ராத்திரியாக உச்சத்துக்குப் போய், ஒன்றிரண்டு வாரத்தில் தானே அடங்கும். விரல் அடியிலிருந்து நுனிவரை ஒரே சீராக உருண்டு மாதக்கணக்கில் நின்றால், மூட்டோடு தசைநாணும் சேர்ந்து அழற்சி கண்டிருக்கிறது, இது சொரியாசிஸ் மூட்டுவாதமாக இருக்கலாம் என்று சந்தேகப்பட வேண்டும்.

கைநகங்களை வெளிச்சத்தில் பாருங்கள். ஊசியால் குத்தியதுபோலப் பொடிக் குழிகள் உண்டா? நகம் சதையை விட்டுத் தூக்கி நிற்கிறதா? குதிகாலின் பின்பக்கம் காலையில் முதல் அடி வைக்கும்போது வலிக்கிறதா? விறைப்பு விட அரை மணிக்கு மேல் ஆகிறதா? இவற்றையும் தலைச் செதிலையும் ருமட்டாலஜிஸ்டிடம் (மூட்டுவாத டாக்டர்) நீங்களே எடுத்துச் சொல்லுங்கள். கைவலி என்று போனால் தலைமுடியை விலக்கிப் பார்க்க யாருக்கும் தோன்றாது. முடக்குவாதத்துக்குப் பார்க்கும் ஆர்.ஏ. ஃபாக்டர் என்ற ரத்தச் சோதனை இந்த நோயில் பெரும்பாலும் நெகட்டிவ்தான். அழற்சியைக் காட்டும் ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. சோதனைகள் இரண்டும் நார்மலாக இருக்கும்போதே மூட்டு அரிபடுவதும் உண்டு. அதனால் ரிப்போர்ட் சுத்தமாக இருக்கிறதென்று ஆறுதல் பட வேண்டாம்.

எட்டோரிகாக்சிப் போன்ற வலி மாத்திரை எழுதியிருந்தால், ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு போடலாமா என்று கேளுங்கள். விடியற்கால வேலைக்கு அதுதான் உதவும். ரத்த அழுத்தமும் கிரியேட்டினினும் (சிறுநீரகச் சோதனை) பார்க்காமல் மாதக்கணக்கில் ஓட்ட வேண்டாம். கத்திப் பிடியில் பழைய சைக்கிள் டியூபைச் சுற்றித் தடிமனாக்கினால் விரல் முழுக்க மடங்க வேண்டியிருக்காது.

கேள்வி (மார்த்தாண்டம்): மெத்தோட்ரெக்சேட் 15 மி.கி. தந்திருக்காவ. வாரம் ஒருக்கத்தான் போடணுமாம். போட்ட மறுநாள் குமட்டல் தாங்கல்ல. விட்டுரவா?

பதில்: மெத்தோட்ரெக்சேட் மூட்டு அழற்சியையே அடக்கும் மருந்து. விடுவதற்கு முன் சில வழிகள் இருக்கின்றன. மாத்திரையை ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு போடுங்கள். அப்படியும் சரியாகாவிட்டால் டாக்டரிடம் கேட்டு, அதே நாளிலேயே பாதி காலை, பாதி ராத்திரி என்று பிரிக்கலாம். ஃபோலிக் ஆசிட் 5 மி.கி. வேறொரு நாளில் எழுதியிருக்கிறார்களா என்று பாருங்கள். இல்லையென்றால் கேட்டு வாங்குங்கள். கடைசி வழி, தோலுக்கடியில் போடும் ஊசி. 15 மி.கி.க்கு மேல் போகும்போது மாத்திரையைவிட அது நன்றாக உடலில் சேரும்.

இந்த மருந்தில் ஆளைக் கொல்லும் தவறு ஒன்று உண்டு: தினமும் போட்டுவிடுவது. எலும்பு மஜ்ஜை ஒடுங்கி, வாயெல்லாம் புண்ணாகி, ரத்த அணுக்கள் விழும். ஸ்டிரிப் மீது பேனாவால் கிழமையை எழுதுங்கள். 2.5 மி.கி. மாத்திரை என்றால் 15க்கு ஆறு வேண்டும். அடுத்த மாதம் கடையில் 10 மி.கி. ஸ்டிரிப் தந்து, அதிலும் ஆறு போட்டால் 60 ஆகிவிடும். ஒவ்வொரு முறையும் ஒரே அளவு மாத்திரையையே வாங்குங்கள்.

தொடக்கத்தில் 2 முதல் 4 வாரத்துக்கு ஒருமுறை, பிறகு 2, 3 மாதத்துக்கு ஒருமுறை ரத்த அணு, கல்லீரல், கிரியேட்டினின் பார்க்க வேண்டும். சாராய வகை எதுவும் ஆகாது, கள்ளும் அதில் அடக்கம். மூத்திரக் கடுப்புக்கு யாராவது கோ-ட்ரைமாக்சசோல் என்ற ஆன்டிபயாட்டிக் தந்தால் மறுத்துவிடுங்கள். இரண்டும் சேர்ந்தால் அணுக்கள் ஆபத்தான அளவுக்கு விழும். மழைக்காலத்தில் காய்ச்சல் வந்தால் அது எலிக்காய்ச்சலோ டெங்கோவாக இருக்கலாம். அந்த வார டோஸை நிறுத்திவிட்டு அன்றே ரத்தம் பாருங்கள்.

பலன் தெரிய 6 முதல் 12 வாரம் ஆகும். மூன்று மாதம் சரியான அளவில் போட்டும் வீக்கம் குறையாவிட்டால் மருந்தை மாற்றக் கேளுங்கள். இடுப்பு, முதுகெலும்பு பிடித்தவர்களுக்கு மெத்தோட்ரெக்சேட் பெரிதாக உதவாது. எந்த இடம் பிடித்திருக்கிறது என்பதை வைத்துத்தான் இந்த நோய்க்கு மருந்து தேர்கிறார்கள். பக்கத்து வீட்டுக்காரருக்குக் கேட்ட மாத்திரை உங்களுக்குக் கேட்காததில் அதிசயம் இல்லை.

கேள்வி (களியக்காவிளை): ஆசானிட்ட தடவல், கிழி எல்லாம் பாத்தா குணமாகுமா? வெட்பாலைத் தைலம் தேய்க்கலாமா?

பதில்: வெட்பாலைத் தைலம் செதிலை இளக்கும், தேய்க்கலாம். மூட்டுக்குள் நடப்பதை அது தொடாது. வீங்கிச் சூடாக இருக்கும் மூட்டில் கிழியும் (மருந்துப் பொட்டலத்தால் ஒத்தடம்) அழுத்தித் தடவலும் வேண்டாம். தோல் உரசுப்பட்டாலோ கீறினாலோ அதே இடத்தில் புதுப் படை கிளம்புவது சொரியாசிஸின் குணம். வீக்கம் அடங்கிய மூட்டில் லேசான எண்ணெய்த் தடவலும் நீட்டி மடக்கும் பயிற்சியும் நல்லதுதான்.

பெயரும் லேபிளும் இல்லாத பொடி இரண்டே நாளில் வலியை நிறுத்தி, முகத்தையும் ஊத வைத்தால், அதில் ஸ்டீராய்டு கலந்திருக்கலாம். வாரக்கணக்கில் சாப்பிட்டிருந்தால் சட்டென்று நிறுத்தாமல் டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். ஸ்டீராய்டு மாத்திரையை வேகமாக நிறுத்தினால் படை சீழ்க் கொப்புளமாகவோ உடல் முழுவதும் சிவந்தோ வெடிக்கக்கூடும். ஒரே ஒரு மூட்டுக்குள் போடும் ஸ்டீராய்டு ஊசி வேறு விஷயம், அதற்குப் பயப்பட வேண்டாம்.

கேள்வி (பாறசாலை): பயாலஜிக் ஊசி திருவனந்தபுரத்தில இருந்து பஸ்ஸில கொண்டு வரலாமா? விலைதான் பயம்.

பதில்: பயாலஜிக் என்பது அழற்சியைத் தூண்டும் புரதத்தைத் தடுக்கும் ஊசி. வாங்குவதற்கு முன் காசநோய்ச் சோதனை கட்டாயம்: மார்பு எக்ஸ்ரேயும், மாண்டூ (தோல் சோதனை) அல்லது இக்ரா (ரத்தச் சோதனை) ஒன்றும். ஹெபடைட்டிஸ் பி, சி-யும் பார்ப்பார்கள். மறைந்திருக்கும் காசநோய் தெரிந்தால் தடுப்பு மருந்து தொடங்கி வழக்கமாக ஒரு மாதம் கழித்தே ஊசி. இந்தியாவில் இதை விட்டுவிடுவது விளையாட்டல்ல.

ஊசி 2 முதல் 8 டிகிரியில் இருக்க வேண்டும். ஐஸ் பேக்கில் நேராக உரசாமல் துணி சுற்றி வையுங்கள். உறைந்துபோனால் தூக்கிப் போட வேண்டியதுதான். வீட்டில் ஃப்ரீசரை ஒட்டியும் கதவுத் தட்டிலும் வைக்காதீர்கள். வெளியே எத்தனை நாள் தாங்கும் என்பது பிராண்டுக்கு பிராண்டு மாறும், உள்ளே வரும் தாளில் இருக்கும். அதில் சொல்லும் அறை வெப்பம் பல பிராண்டுக்கு 25 டிகிரி. நம் ஊர் மே மாத அறையை நினைத்து எழுதியதல்ல. போடுவதற்கு அரை மணி முன் வெளியே எடுத்தால் எரிச்சல் குறையும். காய்ச்சல் இருக்கும் நாளில் போடாதீர்கள்.

விலைக்கு ஒரு வழி பயோசிமிலர், அதாவது மூல பயாலஜிக்கைப் போலவே வேறு கம்பெனி செய்யும் ஊசி. அடலிமுமாப் என்ற பயாலஜிக்கின் உலகின் முதல் பயோசிமிலரை 2014 டிசம்பரில் சைடஸ் கம்பெனி இந்தியாவில்தான் வெளியிட்டது. அடலிமுமாப் 40 மி.கி. இரண்டு வாரத்துக்கு ஒன்று. குடல் அழற்சி நோயும் உள்ளவர்கள் செக்குகினுமாப் என்ற இன்னொரு பயாலஜிக் ஊசி வேண்டாம் என்று முன்பே சொல்லுங்கள். மாத்திரையாக வேண்டுமென்றால் டோஃபாசிட்டினிப் உண்டு. அதற்கும் அதே காசநோய்ச் சோதனை.

கேள்வி (மார்த்தாண்டம்): கல்யாணம் நிச்சயமாயிருக்கு. கொழந்தைக்கு நினைக்கும்போது?

பதில்: மெத்தோட்ரெக்சேட்டைக் கருத்தரிப்புக்குக் குறைந்தது மூன்று மாதம் முன் நிறுத்த வேண்டும். அதுவரை கருத்தடை கட்டாயம். இதே நோய்க்குத் தரும் லெஃப்ளுனமைடு மாத்திரை உடலில் வெகுநாள் தங்கும். கொலஸ்டைரமின் என்ற மருந்து கொடுத்து அதை வெளியேற்றுவார்கள். சல்ஃபாசலசின் மாத்திரை, செர்ட்டோலிசுமாப் என்ற பயாலஜிக் ஊசி போன்றவற்றுக்கு மாறலாம். இதை நிச்சயதார்த்தம் முடிந்ததுமே டாக்டரிடம் பேசுங்கள்.

கேள்வி: மரச்சீனியும் சாளையும் சாப்பிடலாமா?

பதில்: சாளை (மத்தி மீன்) தாராளமாக. மரச்சீனியின் (மரவள்ளிக்கிழங்கு) அளவைக் குறையுங்கள். உடல் எடை கூடினவர்கள் எடையில் 5 முதல் 10 சதவீதம் குறைத்தால் மருந்தே நன்றாகக் கேட்கும். பீடி சிகரெட்டை விடுங்கள்.

கேள்வி (குலசேகரம்): ஒரு கண்ணு மட்டும் சிவந்து வெளிச்சம் பாத்தா வலிக்கு. மெட்ராஸ் ஐதானே?

பதில்: பீளை இல்லாமல், வெளிச்சத்தில் வலிக்கிறது என்றால் கண்ணுக்குள் அழற்சியாக இருக்கலாம். இந்த மூட்டு நோயோடு அது வரும். கடையில் சொட்டு மருந்து வாங்காமல் இன்றைக்கே கண் டாக்டரிடம் போங்கள், சொரியாசிஸ் இருப்பதையும் சொல்லுங்கள்.